பெட்டி நிறையப் பணம்; பேச்சு நிறையப் பொய்!

2008 ஜூன் மாதத்தில் லண்டன் லோட்ஸ் மைதானத்தில் ஒரு ஹெலிகொப்டர் இறங்கியது. வந்தவர் அமெரிக்கக் கோடீசுவரர் அலன் ஸ்டான்போர்ட். இங்கிலாந்துக் கிரிக்கெட் சபையினர் அவரை எதிர்கொண்டு வரவேற்றனர். டொலர் நோட்டுப் பெட்டியொன்று காட்சிக்கு வைக்கப்பட்டது. ஐந்தாண்டுகளில் ஐந்து போட்டிகள்; ஒவ்வொன்றுக்கும் 2 கோடி டொலர்! இதுவே வாக்குறுதி.

நடந்ததென்ன? 2008 நவம்பர் முதலாந் திகதி அன்ரிகுவாவில் ஒரேயொரு போட்டி! 2009 பெப்ரவரியில் அமெரிக்க அதிகாரிகள் அவர்மீது மோசடி வழக்குத் தொடுத்தனர்.

ரசிகர்கள் இழந்தது நான்கு ஆட்டங்களை. அவருடைய அன்ரிகுவா வங்கியை நம்பியோர் இழந்ததோ வாழ்நாட் சேமிப்பை! உயர்ந்த வட்டி, பத்திரமான முதலீடு என்று ஆசை காட்டினார்கள். புதியவர் வைப்பிலிட்ட பணமே பழையவருக்கு வட்டியாயிற்று. மோசடித் தொகை ஏறக்குறைய 700 கோடி டொலர்! 2012 இல் அவருக்கு 110 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

நன்று. ஆனால், அவருக்குக் கம்பளம் விரித்தவர்கள்? இப்பணம் எங்கிருந்து வந்ததென்று கேட்பது அவர்களின் கடமையன்றோ? கிரிக்கெட்டின் நற்பெயர் வாடகைக்கு விடுவதற்கு அவர்களின் தனிச்சொத்தா? காணி வாங்கும் உழவன்கூட உறுதியைப் பாராமற் காசு கொடான். கோடிகளைக் கண்டதும் இக்கனவான்கள் கண்களை மூடிக்கொண்டார்களே!

கொடை வள்ளலென்று ஒருவர் மேடையேறும்போது கைதட்டுமுன் கணக்கைக் கேளுங்கள். கணக்குக் காட்டக் கூசுபவனின் வாக்குறுதி, கடனாகக்கூட வாங்கத் தகாதது!