நியூட் வளர்க்கலாமா?

சுவரில் பல்லி ஓடினாலே நாற்காலிமேல் ஏறி நிற்கும் தோழியர் நம் வகுப்பில் உண்டு. பல்லியின் உருவமும் தவளையின் ஈரத் தோலும் கொண்ட ஒரு பிராணியை வீட்டில் வளர்க்கலாமா என்று அவர்களிடம் கேட்டால் என்ன பதில் வரும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் என் தம்பிக்கு அந்த ஆசை வந்துவிட்டது. படத்தில் நியூட்டைப் பார்த்தது முதல் கண்ணாடித் தொட்டி கேட்டு அப்பாவை நச்சரிக்கிறான். வேண்டாம் என்பது என் கட்சி.

நியூட் வியப்பான பிராணிதான். தவளைக்கு உறவு, ஆனால் வளர்ந்த பிறகும் வால் போகாது. கால் அறுந்தால் மறுபடி முளைக்கும். கண்ணின் வில்லையைக்கூடப் புதிதாக உண்டாக்கிக்கொள்ளும். அதற்கு வேண்டியது குளிர்ந்த நீர். 20 டிகிரிக்கு மேல் போனால் பெரும்பாலான இனங்கள் வாடும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில், மின்சாரமும் நின்றுவிட்டால், அந்தத் தொட்டி என்ன ஆகும்? ஆசையாகக் கையில் எடுக்கவும் முடியாது. நம் கைச்சூடும் சோப்பும் அதன் தோலுக்கு ஆகா. சில இனங்களின் தோல் நஞ்சு நமக்கும் ஆகாது.

தென்னிந்தியாவில் நியூட் இயற்கையில் இல்லை. டார்ஜிலிங் மலைப்பக்கம் வாழும் இமாலய நியூட்டுக்கு 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் பாதுகாப்பு அளித்தது. ஆகவே விற்பனைக்கு வரும் நியூட் எங்கோ தொலைவிலிருந்து வந்ததாகத்தான் இருக்கும். அதனுடன் நோயும் வரலாம். ஆசியாவிலிருந்து வந்ததாகக் கருதப்படும் ஒரு பூஞ்சைக்காளான் நெதர்லாந்தின் நெருப்புச் சாலமாண்டர்களை ஏறத்தாழ அழித்தேவிட்டது. 2013-இல்தான் அதை இனங்கண்டார்கள். வளர்ப்புப் பிராணி வாணிபமே அதைப் பரப்பியது என்பர். அஞ்சிய அமெரிக்க அரசு 2016-இல் 201 வகைச் சாலமாண்டர்களின் இறக்குமதிக்குத் தடை விதித்தது.

“அப்படியானால் யாருமே வளர்க்கக் கூடாதா?” என்று தம்பி மடக்கினான். நியாயமான கேள்வி. மெக்சிகோ நாட்டின் பாட்ஸ்குவாரோ நகரில் டொமினிக்கன் சபைக் கன்னியர் மடம் ஒன்று உள்ளது. அவ்வூர் ஏரியில் மட்டுமே வாழும் ‘அச்சோக்கே’ என்னும் சாலமாண்டரைக் கொண்டு அந்தச் சகோதரிகள் நெடுங்காலமாக இருமல் மருந்து செய்து வந்தனர். மாசும், வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட மீன்களும் ஏரியைக் கெடுத்தன, அச்சோக்கே அருகிப்போயிற்று. சகோதரிகள் மடத்திலேயே தொட்டிகள் வைத்து அதைப் பெருக்கத் தொடங்கினர். இன்று அறிவியலாளரும் அவர்களோடு சேர்ந்து பணிபுரிகின்றனர். 2018 வாக்கில் அங்கே சுமார் 300 அச்சோக்கேக்கள் இருந்தன. மருந்துக்காகத்தானே வளர்த்தார்கள் என்று சிலர் முகம் சுளிக்கலாம். நான் சுளிக்கமாட்டேன். தாங்கள் எடுத்த பிராணியை மறுபடி உண்டாக்கும் பொறுப்பை ஏற்றார்கள். தினந்தோறும் தொட்டி கழுவி, இரை கொடுத்து, தம் ஊர் உயிரைத் தம் ஊரிலேயே காக்கிறார்கள். என் தம்பியோ தன் பள்ளிப் பையையே ஒழுங்காக அடுக்குவதில்லை!

தொட்டி வாங்குவதில்லை என்று அப்பா முடிவு செய்துவிட்டார். ஐப்பசி மழை ஓய்ந்த ஒரு மாலையில் தம்பியைப் பின்புறக் குட்டைக்கு அழைத்துப் போய்த் தலைப்பிரட்டைகளைக் காட்டினேன். ஒளித்துக் கொண்டுவந்த ஹார்லிக்ஸ் பாட்டிலைத் திண்ணையில் வைத்துவிட்டு வரச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே வைத்துவிட்டு வந்தான்.

– பதினோராம் வகுப்பு மாணவி