மோட்டாருக்கு மேடை வேண்டும்

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதை அங்கத்தினர்கள் மறந்திருக்கமாட்டார்கள். வெள்ளம் வடிந்துவிடும், மோட்டாரின் கம்பிச்சுருளில் ஊறிய ஈரமும் பேரிங்கில் படிந்த வண்டலும் தாமே நீங்குவதில்லை. பழுதுபார்க்கப் பணம் ஒதுக்கத் தயங்காத சங்கங்கள், மேடை கட்டும் செலவை மட்டும் வீண் என்று தள்ளிவைப்பது நமக்கு விளங்கவில்லை.

சுவரில் பழைய வெள்ளம் விட்டுச்சென்ற கறையே அளவுகோல்; அதற்கு மேல் ஒரு முழமாவது மேடை உயரவேண்டும். சாயப்பட்டறைக்கும் நூல் கிடங்குக்கும் இதுவே கணக்கு. (குழித்தறிக்கு இவ்வழி இல்லை என்பது வேறு துயரம்.) கிணற்றுப் பம்பையோ மனம்போல் உயர்த்த இயலாது, ஏழு மீட்டருக்கு மேல் அது நீரை உறிஞ்சுவது அரிது. அங்கே ஸ்டார்ட்டரையும் மெயின் சுவிட்சையுமேனும் உயரே மாற்றவேண்டும்.

ஐப்பசி மழைக்கு முன் இச்செலவை மகாசபையில் வைக்குமாறு நிர்வாகக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறோம்.