லெப்டொப் தேடி ஓயும் தோட்டக் குடும்பங்கள்

பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் வந்து சேர்ந்ததும் சபரகமுவ தோட்டங்களில் ஒரு தேடல் தொடங்கிவிடுகிறது. எந்த லெப்டொப்பை வாங்குவது? இரத்தினபுரியிலும் கேகாலையிலும் கடை ஏறி இறங்குகிறார்கள். அவிசாவளையில் விலை கேட்கிறார்கள். கொழும்பில் வேலை செய்யும் உறவினரைப் பம்பலப்பிட்டிக்கு அனுப்பி விசாரிக்கச் சொல்கிறார்கள். கடைக்குக் கடை பேச்சு மாறுகிறது. தெரிந்தவர்கள் தரும் யோசனையும் ஆளுக்கு ஆள் மாறுகிறது. முதல் அரையாண்டு பாதி கடந்த பிறகும் முடிவெடுக்க முடியாத குடும்பங்கள் உண்டு. அதுவரை மாணவர் கைபேசியிலேயே கட்டுரையைத் தட்டச்சு செய்கிறார். முடிவெடுத்தவர்களிலும் பலர் பிழையான கருவியைப் பிழையான கடனுக்கு வாங்கிவிடுகிறார்கள்.

இதை வீட்டுக்கு வீடு நடக்கும் சொந்த விவகாரம் என்று ஒதுக்க முடியாது. எந்தப் படிப்புக்கு எந்த அளவு கணினி போதும் என்பதைத் தோட்ட வீட்டுக்கு எட்டும்படி சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை. விற்கும் கருவி எத்தகையது என்று எழுதிக்காட்டச் செய்ய வேண்டியவர்கள் செய்யவில்லை. சொல்ல வேண்டியவர்கள் மௌனமாக இருக்கும்போது, சொல்வதற்கு விற்பனையாளர் மட்டுமே மிஞ்சுகிறார்.

தோட்டக் குடும்பத்தின் கணக்கைப் பார்ப்போம். 2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் அதை 1,550 ஆக்கி, வருகைக்கென அரசின் 200 ரூபாவையும் சேர்த்து 1,750 என்றது. ஒரு லெப்டொப் ஒன்றரை இலட்சம் ரூபா என்று வைத்துக்கொண்டால், அது முழுப் பேர் விழுந்த, அதாவது முழு நாளாகக் கணக்கிடப்பட்ட, 86 நாட்களின் சம்பளம். அரிசிக்கும் மருந்துக்கும் ஒரு சதமும் எடுக்காமல் சேர்த்தால்தான் அந்தக் கணக்கு. அரைப்பேர் விழுந்த நாட்கள் இதில் இல்லை. தெரணியகலை, எட்டியாந்தோட்டைப் பக்கத்து இறப்பர் தோட்டங்களில் மழையால் பால் வெட்ட முடியாமல் போகும் நாட்களும் இதில் இல்லை. வசதியுள்ளவர் பிழையாக வாங்கினால் அடுத்த வருடம் வேறொன்றை வாங்குவார். இந்தக் கணக்கில் பிழைக்கு இடமே இல்லை. தேடல் நீள்வதற்கு முதற்காரணம் அதுதான்.

இரண்டாவது காரணம் சந்தை. "ஐ5 மெஷின்" என்று சொன்னால் போதும், வாங்க வந்தவர் தலையசைக்கிறார். எத்தனையாவது தலைமுறை ஐ5 என்பது விளம்பரத்தில் பெரும்பாலும் இருப்பதில்லை. நான்காம் தலைமுறை ஐ5ஐ விட அண்மைக் காலத்து ஐ3 வேகமானது என்பதைக் கடைக்காரர் தாமாகச் சொல்லப்போவதுமில்லை. வெளிநாட்டு அலுவலகங்கள் பாவித்துக் கழித்த கணினிகள் துடைக்கப்பட்டு, புதிய உறையில் வருகின்றன. அவை இயங்குகின்றன. இயங்குவதாலேயே குறை கண்ணுக்குத் தெரிவதில்லை.

குறை எங்கே இருக்கிறது என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிந்தது. தனிப்பட்ட பாவனையாளருக்கான நீடிப்பும் 2026 ஒக்டோபர் வரைக்கும்தான். விண்டோஸ் 11 முறையாக இயங்க வேண்டுமானால், ஐ3, ஐ5, ஐ7 வரிசையில் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். ஆறாம், ஏழாம் தலைமுறைக் கணினிகளிலும் குறுக்கு வழியில் அதை ஏற்றிக் கொடுக்க முடியும். ஆனால் விண்டோஸைத் தயாரித்த நிறுவனம் அந்த வழிக்குப் பொறுப்பேற்பதில்லை. நான்கு வருடப் பட்டப்படிப்புக்கென்று வாங்கும் அத்தகைய பழைய கருவி, பாதுகாப்புப் புதுப்பிப்புக்கு உத்தரவாதம் இல்லாத நிலையிலேயே முதலாம் ஆண்டைத் தொடங்குகிறது. விற்கும்போது இதைச் சொல்லக் கட்டாயமில்லை என்றால், அது சந்தையின் சுதந்திரம் ஆகாது. ஒழுங்குவிதியில் உள்ள ஓட்டை அது.

பாவித்த லெப்டொப்பே கூடாது என்று இப்பத்திரிகை சொல்லவில்லை. எட்டாம் அல்லது அதற்குப் பிந்திய தலைமுறையைச் சேர்ந்த, எஸ்எஸ்டி பொருத்திய, பற்றரி கெடாத பாவித்த கணினி பல மாணவர்களுக்குத் தாராளமாகப் போதும். பற்றரியின் தொடக்கக் கொள்ளளவையும் இன்றைய கொள்ளளவையும் பக்கத்தில் வைத்துக் காட்டும் அறிக்கையை விண்டோஸே தருகிறது; கடை மேசையில் சில நிமிடங்களில் அதை எடுத்துவிடலாம். கேட்கத் தெரிந்தவருக்கு அது கிடைக்கும். இரத்தினபுரியில் ஒரு கல்லை வாங்குகிறவர் அதைப் பரிசோதித்துச் சான்றிதழ் கேட்க வழியிருக்கிறது. அதே நகரில் மூன்று மாதச் சம்பளத்தைக் கொடுத்து லெப்டொப் வாங்குகிறவருக்கு அப்படியொரு வழி இல்லை.

விலை இறங்கும்வரை பொறுத்திருப்போம் என்ற எண்ணமும் தேடலை நீட்டுகிறது. அந்த எண்ணத்துக்கு இன்று ஆதாரமில்லை. 2022 மார்ச்சுக்கு முன் 200 ரூபா அளவில் இருந்த டொலர், இரண்டு மாதங்களில் 360ஐ எட்டியது. பிறகு ஓரளவு இறங்கினாலும் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. பெறுமதிசேர் வரி 2024 ஜனவரி 1 முதல் 18 வீதம். செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களுக்காக நினைவகச் சில்லுகள் அள்ளிச் செல்லப்படுவதால், 2025 இறுதியிலிருந்து உலகெங்கும் ரம் விலை ஏறியிருக்கிறது. காத்திருப்பதால் இழப்பு மாணவருக்கே.

கடன்தான் இதில் மிகவும் ஆபத்தான பகுதி. வட்டியில்லாத் தவணை என்று கடைகளில் எழுதியிருப்பது பெரும்பாலும் கடனட்டை வைத்திருப்பவருக்கு உரியது. தோட்டத்தில் கடனட்டை யாரிடம் இருக்கிறது? அட்டை இல்லாதவர் கூடிய வட்டித் தவணைக்குப் போகிறார், அல்லது நகையை அடகு வைக்கிறார், அல்லது வாராவாரம் வாசலுக்கு வரும் நுண்கடன்காரரிடம் கையெழுத்திடுகிறார். கையில் பணமுள்ளவருக்கு வட்டி இல்லை, இல்லாதவருக்கே வட்டி. மாணவர் லெப்டொப் கடன் திட்டங்கள் அரச வங்கிகள் வழியாக அவ்வப்போது அறிவிக்கப்பட்டதுண்டு. ஆனால் வங்கிக் கடன் என்றதும் நிரந்தர மாதச் சம்பளமுள்ள பிணையாளரைத் தேடும் படலம் ஆரம்பமாகிறது. லயத்தில் அப்படிப்பட்டவர் அரிது. பல்கலைக்கழக மாணவருக்கான மகாபொல புலமைப்பரிசிலின் மாதத் தொகை 2025இல் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆக உயர்ந்தது நல்லதே. சாப்பாட்டையும் பயணத்தையும் மறந்து அந்த 7,500ஐ முழுவதும் சேர்த்தாலும், ஒன்றரை இலட்சத்துக்கு 20 தவணை வேண்டும்.

இங்கே அரசின் நிலைப்பாட்டில் ஒரு முரண் இருக்கிறது. பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான பாடநெறிகளின் 5 வீத இடங்கள் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கென ஒதுக்கப்படுகின்றன. அந்தப் பட்டியலில் இரத்தினபுரி இருக்கிறது. கேகாலை இல்லை. பின்தங்கியவர் என்று ஏற்று வாசல்வரை அழைத்து வரும் அரசு, உள்ளே போனபின் எதைக் கொண்டு படிப்பார் என்று கேட்பதில்லை.

தமிழ்நாட்டில் 2011 செப்டெம்பர் 15ஆம் திகதி மாணவர்களுக்கான இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. 50 இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் வழங்கப்பட்டன. பிற்காலத்தில் வழங்கல் தாமதமானது. சில கருவிகள் சந்தைக்கும் போய்ச் சேர்ந்தன. அந்தக் குறைகளை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் குறைந்தபட்சத் தரத்தை அரசே வகுத்து, மொத்தமாக விலை பேசி வாங்கியதால், எந்தக் கணினி என்ற கேள்வி கிராமத்துத் தாய் தகப்பன் தலையில் விழவில்லை. இலங்கையிலோ உயர்தர மாணவர்களுக்கு டெப் கணினி தரப்படும் என்று 2017 வரவு செலவுத் திட்டம் சொன்னது. தோட்டத்து வீடுகளில் அந்தச் சொல் மட்டுமே நினைவில் இருக்கிறது.

எல்லோருக்கும் இலவசமாகக் கொடுங்கள் என்று கேட்க இது காலமல்ல. கேட்பது அதைவிடச் சிறியது. உயர்கல்விக்குப் பொறுப்பானவர்கள் ஒவ்வொரு பட்டப்படிப்புக்கும் வேண்டிய குறைந்தபட்சத் தரத்தை ஒரு பக்கத்தில், தமிழிலும், அனுமதிக் கடிதத்தோடு அனுப்ப வேண்டும். கலை, முகாமைத்துவ மாணவருக்கு 8 ஜிபி ரமும் எஸ்எஸ்டியும் போதும், பொறியியல் வரைபடம் வரைபவருக்குப் போதாது என்று அந்தப் பக்கம் சொல்லுமானால், பாதித் தேடல் அன்றே முடிந்துவிடும். குறையே இல்லாத லெப்டொப் என்று ஒன்று உலகில் இல்லை. படிப்புக்குப் போதுமானது உண்டு.

நுகர்வோரைக் காக்கும் சட்டம் நாட்டில் 2003 முதல் இருக்கிறது. விற்கப்படும் ஒவ்வொரு கணினியிலும் அதன் தலைமுறை, புதியதா பாவித்ததா என்ற விபரம், பற்றரியின் நிலை, எந்த வருடம்வரை புதுப்பிப்புக் கிடைக்கும் என்ற தகவல், உத்தரவாதக் காலம் ஆகியவற்றை எழுதி ஒட்டவும் பற்றுச்சீட்டில் பதியவும் வைப்பது அந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்துவோரின் கடமை. முதலாம் ஆண்டு மாணவர் வாங்கும் ஒரே ஒரு கணினிக்கு வரியைத் திருப்பித் தருவது நிதிக்குப் பொறுப்பானவர்களின் கையில் இருக்கிறது.

கடன் விடயத்தில் புதிதாக எதையும் கண்டுபிடிக்கத் தேவையில்லை. தோட்டங்களில் தீபாவளி முற்பணம் கொடுக்கப்பட்டு, மாதாமாதம் செக்ரோல் எனும் சம்பளப் பதிவேட்டில் கழிக்கப்படுகிறது. பிணையாளர் கேட்பதில்லை. வட்டிக்காரர் வாசலுக்கு வருவதில்லை. பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான பிள்ளையின் பெற்றோருக்கு அதே வழியில் லெப்டொப் முற்பணம் கொடுக்கலாம். அரச வங்கி பணத்தைத் தர, தோட்டக் கந்தோர் கழித்துக் கட்டலாம். ஒரு தோட்டத்திலிருந்து வருடத்துக்குத் தெரிவாகும் பிள்ளைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்பதால், எந்தத் தோட்டக் கணக்கையும் இது குலைக்காது. அடுத்த தொகுதி மாணவர்களின் அனுமதிக் கடிதங்கள் தபாலில் சேர்வதற்கு முன் தோட்ட முகாமைகளும் தொழிற்சங்கங்களும் வங்கிகளும் ஒரு மேசையில் அமர்ந்து இதற்குக் கையெழுத்திட வேண்டும்.