கறுத்த மணலும் கருத்துச் செல்வமும்

திருகோணமலைக்கு வடக்கே, கொக்கிளாய்க் களப்பை அடுத்துள்ள புல்மோட்டைக் கடற்கரையிலே கறுத்த மணல் பரந்து கிடக்கிறது. பார்வைக்கு எல்லாம் ஒரே மணல்தான். ஆயினும் அதனுள்ளே இல்மனைட், ரூட்டைல், சிர்க்கோன் முதலிய கனியங்கள் கலந்துள்ளன. இல்மனைட்டைக் காந்தம் கவரும். ரூட்டைலையும் சிர்க்கோனையும் மின்விசை வேறு வேறாக்கும். இம்மணலுக்கெனவே 1957ஆம் ஆண்டில் அரசாங்கம் ஒரு கூட்டுத்தாபனத்தை நிறுவிற்று.

மண்ணுக்குள் செல்வத்தைத் தேடும் நாம், அம்மண்ணை அள்ளும் மனிதனின் மனத்துள்ளும் செல்வம் உண்டென்று எண்ணுகின்றோமா? யந்திரத்தின் ஓசை சற்றே மாறினால், முதலில் உணர்பவன் அதன் அருகே நிற்பவனன்றோ? ஆயினும் அவன் வாய் திறப்பதில்லை. ஏழை சொல் அம்பலம் ஏறாது என்ற எண்ணம் ஒன்று. பிழை நேர்ந்தால் தன் தலையிலே விழும் என்ற அச்சம் மற்றொன்று.

முதலாவதற்கு மருந்து, செவி கொடுத்தல். அமெரிக்காவின் கொடாக் கம்பெனி 1898இல் தொழிலாளரின் யோசனைகளுக்குப் பரிசளிக்கத் தொடங்கிற்று. முதற் பரிசு பெற்ற யோசனை யாது? சன்னல்களைக் கழுவித் துப்புரவாக வைக்கவேண்டும் என்பதே! பரிசு இரண்டு டொலர். சன்னலைப் பற்றிய சொல்லுக்கே மதிப்புண்டெனில், நாளை யந்திரத்தைப் பற்றிச் சொல்ல எவன் தயங்குவான்?

இரண்டாவதற்கு மருந்து, தோள் கொடுத்தல். 1979 ஆகஸ்ட் மாதத்தில் இந்தியாவின் முதல் எஸ்.எல்.வி.-3 ராக்கெட் வங்கக் கடலில் வீழ்ந்தது. அத்திட்டத்தை நடத்தியவர் இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம். எனினும் நிருபர்கள் முன் நின்று பொறுப்பை ஏற்றவர், விண்வெளி நிறுவனத் தலைவர் சதீஷ் தவான். மறு ஆண்டு ஜூலையில் வெற்றி கிட்டியபோதோ, கலாமையே நிருபர்களிடம் பேசச் சொன்னார். பழி தனக்கு, புகழ் பிறர்க்கு என்பவரின் கீழ்தான் புதியதை முயலத் துணிவு பிறக்கும்.

செவி கொடுப்பதென்றால் சொன்னதையெல்லாம் ஏற்பதன்று. ஏற்க இயலாதாயின் காரணத்தை எடுத்துரைத்தல் வேண்டும். காரணம் கூறாது தள்ளப்பட்டவன் மறுமுறை வாய் திறவான்.

இது தொழிற்சாலைக்கு மட்டுமா? நம் வீட்டிலே, "சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும்?" என்று எத்தனை முறை சொல்லியிருக்கின்றோம்! இன்று வீட்டில் மூடிய வாய், நாளை வேலைத்தலத்திலும் மூடியே இருக்கும். இன்றிரவு சோற்றுக்கு அமரும்போது, இளையவனை முதலில் பேச விடுவோம்.