அடுக்களையில் வந்த பாடம் பரீட்சையில் ஏன் வரவில்லை?

போன வருஷம் அரைப் பரீட்சை விடைத்தாள் வந்த அன்று எங்கள் வீட்டில் நடந்ததை எழுதக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். என்னைப் போல் அவசரக் கைக்காரிகள் உங்களிலும் இரண்டொருவர் இருக்கலாமே!

என் சின்னவள் அப்போது ஏழாம் வகுப்பு. அவள் படிக்கிற இடம் அடுக்களை வாசற்படி. நான் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டே கேள்வி கேட்பேன். அவள் படியில் உட்கார்ந்து பதில் சொல்வாள். "முதலாம் பானிபட் போர் எந்த வருஷம்?" "1526." "யாருக்கும் யாருக்கும்?" "பாபருக்கும் இப்ராகிம் லோடிக்கும்." கடகடவென்று ஒப்பிப்பாள். எனக்கு ஒரே பூரிப்பு.

சமூக அறிவியலில் வந்த மார்க், 100க்கு 38. சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள் அநேகமாக எல்லாம் சரி. விரிவாக எழுதச் சொன்ன கேள்விகளுக்கோ வெறும் நம்பரைப் போட்டுவிட்டு இடம் விட்டிருந்தாள். எனக்கு வந்த கோபத்தில், "வாயால சொல்லத் தெரியுது, எழுத மட்டும் சோம்பலா?" என்று முதுகில் ஒன்று வைத்துவிட்டேன். அவள் சத்தம் போட்டு அழவில்லை. "எல்லாம் தெரியும்மா. அங்கே போய் உட்கார்ந்தா ஒண்ணும் வரல" என்றாள். நான் நம்பவில்லை.

ராத்திரி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். மெதுவாக வந்து அதே படியில் உட்கார்ந்தாள். விட்டுவிட்ட கேள்விகளை ஒவ்வொன்றாகச் சொல்லி, அவற்றுக்குப் பதிலையும் சொன்னாள், ஒரு வரி பிசகாமல். என் கை அப்படியே நின்றுவிட்டது.

பொங்கலுக்கு அண்ணன் பெண் வந்திருந்தாள். கல்லூரியில் மனோதத்துவம் படிக்கிறவள். விஷயத்தைச் சொன்னேன். "அத்தை, பாடத்தை மட்டும் தனியா மனசு எடுத்துக்காது. படிக்கிற இடம், சத்தம், வாசனை எல்லாத்தையும் சேர்த்து முடிச்சுப் போட்டு வச்சுக்கும். இடம் மாறினா முடிச்சு சட்டுனு அவிழாது" என்றாள்.

1975ல் காடன், பாட்லி என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஸ்காட்லாந்தில் செய்த சோதனையையும் சொன்னாள். முக்குளிப்பவர்களுக்கு, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத 36 வார்த்தைகளைக் கரையிலும் கடலுக்கடியிலுமாகக் கற்றுக்கொடுத்தார்களாம். கரையில் கற்றதைக் கரையிலேயே கேட்டபோது சராசரியாக 13, 14 வார்த்தை வந்தது. தண்ணீருக்குள் கேட்டால் 8, 9தான். தண்ணீருக்குள் கற்றது, அங்கேயே கேட்டால் 11. கரைக்கு வந்தால் 8. ஆனால் 1980ல், வார்த்தைகளைக் காட்டி, "இது முன்பு கேட்டதா?" என்று அடையாளம் மட்டும் சொல்லச் சொன்னபோது இடம் மாறியதால் வித்தியாசமே வரவில்லை. என் பெண்ணின் விடைத்தாளும் அதே கதைதானே!

"இதை வேதவாக்கா எடுத்துக்காதீங்க அத்தை. 2021ல் வேறொருத்தர் அந்த முக்குளிப்புச் சோதனையைத் திரும்பச் செஞ்சப்போ அந்த வித்தியாசம் வரல" என்றும் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தபடி ஒன்று கேட்டாள்: "அவ தடுமாறினா நீங்க என்ன செய்வீங்க?"

யோசித்துப் பார்த்தேன். "பா..." என்று முதல் எழுத்தை எடுத்துக் கொடுப்பேன். தப்பாகச் சொன்னால் கரண்டியை டக்கென்று வைப்பேன். அவள் உடனே மாற்றிச் சொல்லிவிடுவாள். அப்புறம்தான் உறைத்தது. அந்தப் படி, தாளிப்பு வாசனை இவற்றோடு நானும் சேர்ந்து அவளுக்குப் பாடத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். பரீட்சை ஹாலில் படியும் இல்லை, அம்மாவும் இல்லை. பாவம், குழந்தை என்ன செய்யும்?

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த என் மாமியார், "இதுக்கு எதுக்கும்மா கடல்ல முங்கணும்? ஸ்டோர் ரூமுக்குப் போய் எதுக்கு வந்தோம்னு முழிச்சா, நின்ன இடத்துக்கே திரும்பிப் போனா ஞாபகம் வந்துடுது!" என்றார். எவ்வளவு சரி!

அதற்குப் பிறகு நாங்கள் செய்த மாற்றங்கள் இவைதான்:

ஒரே பாடத்தை ஒரு நாள் கூடத்தில், ஒரு நாள் மொட்டை மாடியில் என்று இடம் மாற்றிப் படிக்க வைத்தேன். அமெரிக்காவில் 1978ல் செய்த ஒரு சோதனையில், 40 வார்த்தைகளை ஒரே அறையில் இரண்டு தடவை படித்தவர்களுக்கு, புது அறையில் கேட்டபோது சுமார் 16 வார்த்தைதான் ஞாபகம் இருந்தது. இரண்டு வெவ்வேறு அறைகளில் படித்தவர்களுக்கு 24 வந்ததாம்.

எடுத்துக் கொடுப்பதை அடியோடு நிறுத்தினேன். புத்தகத்தை மூடிவிட்டு, மேஜையில் கடிகாரத்தை வைத்து, பேசாமல் எழுத வேண்டும். நான் அந்தப் பக்கமே போகமாட்டேன். வாரத்தில் ஒரு நாள் அவள் அப்பா கேள்வி கேட்பார்.

மூன்றாவது, மறந்துபோனால் பதறாமல் கண்ணை மூடி, "எங்கே உட்கார்ந்து படித்தேன், அப்போது என்ன சத்தம் கேட்டது" என்று நினைத்துப் பார்ப்பது. இடத்தை மனசில் கொண்டுவந்தாலே மறந்தது திரும்பி வர உதவுகிறது என்று 1979ல் ஸ்டீவன் ஸ்மித் என்பவர் சோதித்துக் காட்டியிருக்கிறார். செலவில்லாத வைத்தியம்!

முதல் இரண்டு வாரம் முன்னைவிட மோசமாக எழுதினாள். எனக்குக் கை பரபரத்தது, அடக்கிக்கொண்டேன். முழுப் பரீட்சையில் சமூக அறிவியலில் 71. அதில் அவள் உழைப்பு எவ்வளவு, இடம் மாற்றியதன் பலன் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல நான் ஆராய்ச்சிக்காரி இல்லை. ஒரு கேள்விக்குக் கண்ணை மூடினாளாம். "மாடியில நீ வடாம் காயப்போட்டியே, அது ஞாபகம் வந்ததும்மா. கூடவே பதிலும் வந்தது" என்றாள்.

அன்று அடித்ததற்கு அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "அதை நான் மறந்தே போயிட்டேனே" என்றாள். இருக்கலாம். ஆனால் அந்தப் படியைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வருகிறது. உங்கள் வீட்டுக் குழந்தை, "தெரியும், ஆனா வரல" என்று சொன்னால் கை ஓங்காதீர்கள், சகோதரிகளே. "எங்கே உட்கார்ந்து படிச்சே, கண்ணு?" என்று முதலில் கேளுங்கள்.