பத்தாமவரைத் தெருவில் நிறுத்தும் கணக்கு

பெங்களூரு ரிச்சர்ட்ஸ் டவுனிலும் அதையொட்டிய லிங்கராஜபுரம், காக்ஸ் டவுன், ஜீவனஹள்ளி பகுதிகளிலும் தமிழ் உழைப்பாளிக் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. பின்னி ஆலையும், பையப்பனஹள்ளி என்.ஜி.இ.எஃப். ஆலையும், தூரவாணிநகர் ஐ.டி.ஐ.யும் கன்டோன்மென்ட்டின் மூத்த தலைமுறைக்குச் சோறு போட்டன. அங்கே நிரந்தர வேலை இருந்தது; அதைக் காக்கச் சங்கமும் இருந்தது. பின்னி ஆலை இன்று இல்லை, என்.ஜி.இ.எஃப். 2002 இல் மூடப்பட்டது. பேரப்பிள்ளைகள் பட்டங்களைச் சுமந்துகொண்டு தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களின் வாசலில் காத்திருக்கிறார்கள். பலர் உணவுப் பொட்டலம் சுமந்து இருசக்கர வாகனத்தில் அலைகிறார்கள்.

இவர்களுக்குச் சொல்லப்படும் பதில் ஒன்றுதான்: மந்தநிலை நிலவுகிறது, உனக்குத் திறன் போதவில்லை. 2025 ஜூலையில் டி.சி.எஸ். நிறுவனம் தன் ஊழியர்களில் 2 சதவீதத்தினரை, அதாவது சுமார் 12,000 பேரை, வெளியேற்றப்போவதாக அறிவித்தபோதும் திறன் பொருத்தமின்மையையே காரணம் காட்டியது. 2024-25 நிதியாண்டில் அந்நிறுவனத்தின் நிகர லாபமோ 48,000 கோடி ரூபாயைத் தாண்டியிருந்தது. பல்லாண்டு உழைத்து இந்த லாபத்தை ஈட்டித் தந்தவர்கள் திடீரென ஒரே நாளில் திறனற்றவர்களாகிவிட்டார்களா?

அந்த அறிவிப்புக்கு ஒரு மாதம் முன்னர் கர்நாடக காங்கிரஸ் அரசு செய்தது என்ன? கடைகள் மற்றும் வணிக நிறுவனங்கள் சட்டத்தின் 9 மணி நேர வேலைநாளை 10 மணி நேரமாகவும், மிகைநேரத்துடன் சேர்த்து 12 மணி நேரமாகவும் உயர்த்த முன்மொழிந்தது. 2023 இல் பாஜக மாநில அரசு தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிதிறந்ததன் தொடர்ச்சியே இது. கொடிகள் வேறு, முதலாளிகளுக்கான சேவை ஒன்றே.

கணக்கு எளிது. 10 பேர் 9 மணி நேரத்தில் செய்யும் வேலையை 9 பேர் 10 மணி நேரத்தில் முடித்துவிடலாம். பத்தாமவர் தெருவில் நிற்பார். அவரைக் காட்டியே மற்ற ஒன்பது பேரும் மிரட்டப்படுவார்கள்: "உன் இடத்துக்கு ஆள் காத்திருக்கிறது." வேலையில் இருப்போரின் மிகையுழைப்பு வேலையற்றோர் பட்டாளத்தைப் பெருக்குகிறது, அந்தப் பட்டாளத்தின் நெருக்குதல் வேலையில் இருப்போரை மேலும் கசக்கிப் பிழிகிறது. மூலதனம் நூலில் மார்க்ஸ் விளக்கிய இந்த நச்சுச் சுழலுக்கே அரசு சட்டவடிவம் தர முனைகிறது.

சட்டப் பாதுகாப்பும் ஒவ்வொன்றாகப் பறிக்கப்படுகிறது. கர்நாடகத்தில் ஐடி நிறுவனங்களுக்கு நிலையாணைகள் சட்டத்திலிருந்து 2014 இல் அளிக்கப்பட்ட விலக்கு 2019 இல் நீட்டிக்கப்பட்டது. ஒன்றிய அரசு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைப்படுத்திய தொழிலுறவுத் தொகுப்போ, ஆலைகளில் ஆட்குறைப்புக்கு அரசின் முன்அனுமதி தேவைப்படும் வரம்பை 100 தொழிலாளர்களிலிருந்து 300 ஆக உயர்த்திவிட்டது.

ஆகவே வேலை தேடும் இளைஞரின் கோரிக்கையும் வேலையில் இருப்பவரின் கோரிக்கையும் வேறு வேறல்ல. வேலைநேர உயர்வை எதிர்த்துக் கர்நாடக ஐடி ஊழியர் சங்கமான கிட்டு தெருவில் இறங்கியது. டி.சி.எஸ். ஆட்குறைப்புக்கு எதிராகத் தொழில்தகராறும் எழுப்பியது. அந்தக் குரல் ரிச்சர்ட்ஸ் டவுனின் ஒவ்வொரு வீட்டையும் எட்ட வேண்டும். தோழர்களே, வேலையற்றோரையும் உணவு விநியோகத் தொழிலாளரையும் ஐடி ஊழியரையும் ஒரே அணியில் திரட்டுவோம். வேலைநேர உயர்வைக் கைவிடு! நிலையாணை விலக்கை ரத்து செய்! தொழிலாளர் சட்டத் தொகுப்புகளைத் திரும்பப் பெறு!