வீட்டுத் தோட்டம்: சட்டியில் பச்சைப் பாய்

பேராக் வாசகி ஒருவரின் கடிதம் இந்த மாதம் என்னை நெடுநேரம் யோசிக்க வைத்துவிட்டது. தோட்டம் கைமாறிவிட்டதாம். லயத்து வீட்டைக் காலி செய்து, டவுனில் அடுக்குமாடிக்குக் குடிவந்திருக்கிறார். காலமான அப்பா 20 வருடம் வெட்டி வளைத்து வளர்த்த அந்திங் புத்ரி போன்சாய்ச் சட்டியோடு, அதற்குப் பரப்பவென்று பால்மரத்தில் ஒட்டியிருந்த பாசியையும் ஒரு பை நிறையக் கொண்டுவந்தாராம். 3 வாரத்தில் பாசி பழுப்பாகிவிட்டது. மரத்தின் இலையும் உதிர்கிறது. மரமும் போய்விடுமோ என்று பயப்படுகிறார்.

சகோதரி, முதலில் மரத்தைப் பாருங்கள். விரலை ஓர் அங்குலம் மண்ணுக்குள் விடுங்கள். காய்ந்திருக்கிறதா? பாசிக்கு உண்மையான வேர் கிடையாது. இலையாலேயே நீர் குடிக்கும். மேலே நாலு தெளிப்புத் தெளித்தால் அது பசேலென்று சிரிக்கும். கீழே வேர் தாகத்தில் தவிக்கும். அந்திங் புத்ரியோ தண்ணீருக்கு ஆசைப்படும் மரம். மேல் பச்சையைப் பார்த்து ஏமாந்து நானே ஒரு மரத்தைச் சாகவிட்டிருக்கிறேன். அதனால் சட்டி முழுவதையும் மூடாதீர்கள். ஓரத்தில் இரண்டு விரல் அகலம் வெறும் மண்ணாக இருக்கட்டும். தண்ணீர் ஊற்றினால் அடித்துளை வழியே வடியும்வரை ஊற்றுங்கள்.

இனி பாசி. மரப்பட்டையில் வளர்ந்தது மண்ணில் சரியாகப் பிடிப்பதில்லை. நிழலில் வளர்ந்தது மாடி வெயிலைத் தாங்காது. உங்கள் அடுக்குமாடிக்குக் கீழே, கால்வாய் ஓரத்திலும் சுவரடியிலும் வெல்வெட் துணிபோல் குட்டையாக ஒரு பாசி இருக்குமே, அதுதான் ஏற்றது. புல்லுக்கு மருந்தடித்த இடத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். கரண்டியால் மெல்லிசாகச் சுரண்டி, செய்தித்தாளில் பரப்பி நிழலில் காயவிட்டு, கசக்கித் தேத்தண்ணி வடிகட்டியில் சலியுங்கள். அந்தத் தூளோடு நைசான ஆற்று மணல் சமபங்கு கலந்து, ஈர மண்மேல் தூவி, கரண்டியின் பின்புறத்தால் அழுத்துங்கள். காலையும் மாலையும் பூந்தூறலாகத் தெளித்து வந்தால் ஒன்று, ஒன்றரை மாதத்தில் பச்சை தட்டும். பொறுமை இல்லாதவர்கள் துண்டாகவே எடுத்து வைக்கலாம். மண்ணோடு நன்றாக அழுந்தாவிட்டால் ஓரம் சுருண்டு எழும்பிவிடும்.

பைப்புத் தண்ணீரைவிட மழைத் தண்ணீர் விசேஷம். பிடித்த வாளிக்கு மூடி போடுங்கள். சட்டியின் அடித்தட்டிலும் நீர் தேங்கக்கூடாது, டெங்கிக் கொசுவுக்கு அது போதும். உரக் குருணை பாசிமேல் விழுந்தால் கருகிவிடும். தண்டில் ஏறுவதைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துவிடுங்கள்.

கொண்டுவந்த பையில் மிச்சம் இருந்தால் குப்பையில் போடவேண்டாம். காய்ந்து கிடக்கும் பாசி நனைத்தால் பசுமையாவது உண்டு. ஒரு மரக்கட்டையில் நூலால் கட்டி, வெளிச்சம் வரும் குளியலறைச் சன்னலில் வைத்துப் பாருங்கள். பிழைத்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.